வால்வு குழியில் கிடைத்த தேரை: அடையாளமும் பராமரிப்பும்

2023 ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த காலை. வீட்டு முன்னால் இருக்கும் கேட் வால்வு குழியின் மூடியைத் தூக்கினேன். முக்கால் குழிக்குத் தண்ணீர். வால்வு திருகின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. அரிசி மூட்டை தைக்கிற நைலான் நூல் அதன் இடது பின்னங்காலில் நாலைந்து சுற்றுச் சுற்றி, தோலுக்குள் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே கால் வீங்கிப் போயிருந்தது.

எனக்கு ஒத்தக்கடையில் மோட்டார் வைண்டிங் கடை. போர் மோட்டார் தூக்கப் போகிற இடங்களில் தவளை, தேரை, தேள், சாரைப்பாம்பு எல்லாம் பார்த்துப் பழக்கம். எடுத்து ஓரமாக விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். இதை அப்படி விட்டால் மத்தியானத்துக்குள் காக்காய் கொத்திவிடும். ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் பக்கத்தில் நின்று, "நூலை மட்டும் வெட்டி விட்ருவோமேப்பா" என்றாள். நகம் வெட்டும் கத்தரியால் வெட்டினோம். ஆனால் அந்தக் காலை ஊன்ற அதனால் முடியவில்லை. அப்படித்தான் ஒன்பது வாரம் அது எங்கள் வீட்டில் தங்கியது.

மகள் அதற்குக் குண்டோதரன் என்று பேர் வைத்தாள். மீனாட்சி கல்யாணத்தில் மலை மாதிரி குவித்த சோற்றைத் தின்று தீர்த்துவிட்டு, தாகத்துக்கு வைகையையே வரவழைத்துக் குடித்த பூதம். மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் அம்மாவுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஏம்ப்பா, பிள்ளை இருக்கிற வீட்ல தேரையை வச்சுச் சோறு போடப் போறியாக்கும்? பிள்ளைக்குத் தேரை விழுந்துரும்" என்றார். குழந்தை மெலிந்தால் தேரை விழுந்தது, தேங்காய்க்குள் பருப்பு வற்றினால் தேரை மோந்தது என்று நம் ஊரில் எல்லாப் பழியும் அதன் தலையில்தான்.

அந்த ஒன்பது வாரத்தில் பாதி விஷயங்களைத் தப்பாகச் செய்துவிட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. நன்றாக இருக்கிற தேரையை ஆசைக்காகப் பிடித்து வராதீர்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகி, எந்த உயிர் எதில் என்பதும் மாறியிருக்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "அடிபட்ட தேரை கிடைத்திருக்கிறது, ஆறும் வரை வைத்திருக்கலாமா" என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்துவிட்டார்கள், அது நன்றாகவும் இருக்கிறது என்றால், அன்று இரவே எடுத்த இடத்தில் விடுவதுதான் சரி. எடுத்த இடத்தை மறக்காமல் குறித்து வையுங்கள். கடைசியில் அது மிக முக்கியமாகிவிடும்.

தேரைதானா என்று பார்ப்பது

எங்கள் பக்கம் இந்தச் சொல் கொஞ்சம் குழப்பமானது. குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, லைட் போட்டதும் தாவி நம் முதுகில் விழுகிறதே, அதையும் சிலர் தேரை என்பார்கள். அது மரத்தவளை. விரல் நுனி ஒவ்வொன்றிலும் பொட்டு மாதிரி வட்டத் தட்டு இருக்கும். அதை வைத்துத்தான் சுவரில் ஏறுகிறது. தேரைக்கு அந்தத் தட்டு கிடையாது, சுவர் ஏறாது. சொறித்தவளை என்று எதைச் சொல்கிறோமோ அதுதான் இங்கே நான் தேரை என்று சொல்வது.

நம் வீட்டைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் ஒரே இனம். அறிவியல் பெயர் டத்தாபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். இரண்டாவது சொல்லுக்குக் கிரேக்கத்தில் கரும்புள்ளி போட்டது என்று அர்த்தம். முதல் சொல்லில் இருப்பது ஒடிசாவைச் சேர்ந்த தவளை ஆராய்ச்சியாளர் சுஷில் குமார் தத்தாவின் பெயர். 2006-இல் இந்த இனக்குழுவைத் தனியாகப் பிரித்தபோது அவர் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பு வரை இதுவும் ஐரோப்பாத் தேரையோடு சேர்ந்து பூஃபோ என்றே இருந்தது.

தலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூக்கிலிருந்து கண்ணுக்கு மேலாகப் பின்னால் வரைக்கும் மை தீட்டியது போலக் கறுப்பு வரம்பு ஓடும். எலும்பு மேடு அது, விரலால் தடவினால் கெட்டியாகத் தெரியும். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அவரை விதை கணக்காக ஒரு புடைப்பு இருக்கும். அதுதான் விஷச் சுரப்பி, பரோட்டாய்டு என்று பெயர். பேரில் பரோட்டா இருக்கிறதே என்று மதுரையில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது. முதுகு முழுக்க மருக்கள், பல மருக்களின் நுனியில் கறுப்பு முள் மாதிரி ஒரு புள்ளி. தோல் உலர்ந்திருக்கும். பின்னங்கால் குட்டை. தவளை மாதிரி ஒரே பாய்ச்சலாகப் போகாது, குட்டிக் குட்டித் தத்தலாகப் போகும், அவசரம் இல்லையென்றால் நடக்கும். கண்மணி படுக்கைவாட்டில் இருக்கும். வாயில் பல் கிடையாது.

நிறத்தை நம்பாதீர்கள். குண்டோதரனே ஒரு நாளில் செங்கல் நிறமாகவும் சாம்பலாகவும் கறுப்பாகவும் இருக்கும். குட்டித் தேரையில் அந்தத் தலை வரம்பும் சுரப்பியும் சரியாகத் தெரியாது. நகம் அளவில் இருக்கிற குட்டியை வைத்து இனம் சொல்கிறேன் என்று யாரும் மல்லுக்கட்ட வேண்டாம்.

தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று. ஒன்று மண்ணுக்குள் புதையும் உருண்டைத் தவளை. "நுணலும் தன் வாயால் கெடும்" என்கிறோமே, மணலுக்குள் ஒளிந்திருந்துவிட்டு மழைக்குக் கத்தி மாட்டிக்கொள்ளும் அந்த வகை. குதிகாலில் மண்வெட்டி மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், பின்பக்கமாகவே தோண்டி உள்ளே இறங்கும். தலையில் கறுப்பு வரம்பு இருக்காது. இரண்டாவது, முதுகில் செம்மண் நிறப் பட்டைகளோடு பலூன் மாதிரி உப்பும் தவளை. கிணற்றடியிலும் குளியலறையிலும் வரும். மூன்றாவது வயல் பெருந்தவளையின் இளசு. பெரியதை யாரும் தேரை என்று நினைக்க மாட்டார்கள், மழையில் ஆண் எலுமிச்சை மஞ்சளாகி நிற்கும். ஒரு காலத்தில் இதன் காலை வெட்டித்தான் ஏற்றுமதி செய்தார்கள். 1987-இல் அரசு தடை போட்டது. இது தன்னைவிடச் சின்னதை எல்லாம் விழுங்கும், தேரையோடு ஒரே தொட்டியில் போட்டுவிடாதீர்கள்.

கொடைக்கானல், வால்பாறை மாதிரி மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொன்ன அடையாளம் போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறு தேரை இனங்கள் இருக்கின்றன, சில அங்கே தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை. மலையில் பார்த்ததைத் தொடாமல் போட்டோ மட்டும் எடுங்கள்.

ஆணா பெண்ணா என்பதை நாங்கள் மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தோம். முன்னங்கால் அக்குளுக்குக் கீழே மெதுவாகப் பிடித்தால் ஆண் தேரை "கிர்க் கிர்க்" என்று சத்தம் போடும், ஆளை மாற்றிப் பிடித்துவிட்டாய், விடு என்று அர்த்தம். மழைக்காலத்தில் ஆணின் தொண்டை மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும், கட்டைவிரல் பக்கம் கறுப்பாகச் சொரசொரப்பு வரும். குண்டோதரன் சத்தமே போடவில்லை. தொண்டை வெள்ளை. மூக்கிலிருந்து பின்புறம் வரை அளந்தால் 11 சென்டிமீட்டர், உள்ளங்கை நிறைய இருந்தது. பெண்தான் பெரியதாக வளரும். ஆக, குண்டோதரன் பெண். பேர் அதற்குள் பழகிவிட்டது, மாற்றவில்லை.

தொடுவதற்கு முன்னால்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்தச் சோப்பு வாடையே இல்லாமல் வெறும் தண்ணீரில் மறுபடி அலசி, ஈரக் கையோடு எடுக்க வேண்டும். தேரை தோலால்தான் தண்ணீர் எடுக்கிறது, மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான். நம் கையில் இருக்கிற சானிடைசர், கொசுவிரட்டி கிரீம், எனக்கென்றால் வைண்டிங் வார்னிஷ், எல்லாம் நேராக உள்ளே போகும். தூக்கியதும் மூத்திரம் பெய்யும். அது பெரும்பாலும் சேமித்து வைத்த தண்ணீர், பயத்தில் விடுகிறது. அதனால் மரு வராது. மனிதருக்கு வரும் மரு மனித வைரஸால் வருவது.

விஷம் உண்மை. பயமுறுத்தினாலோ அழுத்தினாலோ அந்த அவரை விதைப் புடைப்பிலிருந்து பால் மாதிரி வெள்ளையாகக் கசியும். கண்ணில் பட்டால் எரியும், வாய்க்குள் போனால் இதயத்தைப் பாதிக்கும். தேரையைத் தின்று மனிதர் செத்த சம்பவங்கள் ஆசியாவில் பல இடத்தில் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் நாய் இருந்தால் அதுதான் பெரிய கவலை. நாய் கவ்விவிட்டால் வாயில் நுரை தள்ளும். ஈரத் துணியால் ஈறு, நாக்கு எல்லாம் துடைத்து, தலையைக் கீழே சாய்த்துப் பிடித்துத் தண்ணீரை வாய்க்கு வெளியே ஓடுகிற மாதிரி பீய்ச்சிக் கழுவி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே சட்டம்: தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடக் கூடாது. தவளை, தேரை, பல்லி எல்லாவற்றிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

இருக்க இடம்

எங்களிடம் ஓட்டை விழுந்த மீன் தொட்டி ஒன்று பரணில் கிடந்தது. இரண்டடிக்கு ஓரடி. தண்ணீர் நிற்காது, தேரைக்குத் தாராளம். ஒன்றுக்கு அந்த அளவு போதும். மேலே கொசுவலைச் சட்டம் அடித்து ஒரு செங்கல் வைத்தேன். "இது எங்கே குதிக்கப் போகுது" என்று முதல் ராத்திரி மூடாமல் விட்டு, காலையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து எடுத்தோம்.

புண் ஆறும் வரை மண் போடக் கூடாது. ஈரப்படுத்திய வெள்ளை டிஷ்யூ பேப்பரை விரித்து, தினமும் மாற்றினோம். பூப்போட்ட, வாசனை போட்ட பேப்பர் வேண்டாம். மூன்று வாரம் கழித்துத்தான் தேங்காய் நார்க்கழிவு போட்டோம். நர்சரியில் செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாகக் கிடைக்கும். வாங்கி வந்ததும் அப்படியே போட்டுவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறப்போட்டு, பிழிந்து, தண்ணீர் மாற்றி, மூன்று தடவையாவது அலசுங்கள். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது. மூன்று அங்குல ஆழம் போட்டால் பகலில் அதற்குள் புதைந்து மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கும். உரம் கலந்த தொட்டி மண், சின்னச் சரளை, கடல் மணல் மூன்றும் ஆகாது. சரளையைப் பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைக்கும்.

ஒளிய ஒரு இடம் கட்டாயம் வேண்டும். நாங்கள் உடைந்த மண்பானையின் பாதியைக் கவிழ்த்தோம். பழைய நாட்டு ஓடு ஒன்று இருந்தாலும் போதும். தொட்டியை வெயில் நேராக விழாத, ஆனால் பகல் இரவு தெரிகிற இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பக்கத்தில் வேண்டாம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள், மதுரைக்கு அது தேவையே இல்லை. இங்கே சூடுதான் எதிரி. சித்திரை, வைகாசியில் யாராவது வைத்திருக்க நேர்ந்தால் தரையில், வீட்டின் குளிர்ந்த மூலையில், ஈரச் சாக்கைத் தொட்டியின் ஒரு பக்கம் போர்த்தி வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழ் அறை கூடவே கூடாது.

அந்த அறையில் கொசுவத்தி, திரவக் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே, சாம்பிராணிப் புகை எதுவும் வேண்டாம். தொட்டியைக் கழுவ பினாயில், பிளீச்சிங் பவுடர் தொடாதீர்கள். சுடுதண்ணீரும் நார்ப் பிரஷ்ஷும் போதும். உப்பு அதைவிட மோசம். தேரையை விரட்ட உப்பு வீசுகிற பழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. உப்பு அதன் தோல் வழியாக உடம்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும், துடித்துச் சாகும்.

தண்ணீர்

நான் பெரிய தப்புச் செய்தது இதில்தான், அதனால் நீளமாகச் சொல்கிறேன்.

தேரை வாயால் தண்ணீர் குடிக்காது. அடிவயிறும் தொடையும் சேர்கிற இடத்தில் தோல் மெல்லியதாக, சுருக்கம் சுருக்கமாக இருக்கும். ஈரத்தில் அந்த இடத்தை அழுத்தி உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்ளும். குண்டோதரன் தட்டில் அசையாமல் கிடந்ததை நாங்கள் சோர்வு என்று நினைத்துப் பயந்தோம். அது குடித்துக்கொண்டிருந்தது.

ஆக, நாம் தட்டில் ஊற்றுகிற தண்ணீர் எதுவோ அதுதான் அதன் ரத்தத்தில் ஓடும். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவு உப்பு. முதல் நான்கு நாள் அதைத்தான் ஊற்றினேன். தட்டில் இறங்கிய வேகத்தில் வெளியே வந்து, அதில் உட்காரவே மறுத்துவிட்டது. சரி, குழாய்த் தண்ணீர் ஊற்றுவோம் என்றால் அதில் குளோரின் வாடை மூக்கைத் துளைத்தது. கடைசியில் மாடியில் பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றினேன். இரவு முழுக்க அதில் உட்கார்ந்திருந்தது.

மழைத் தண்ணீர் இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரை அகலமான வாளியில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து விற்கிறார்கள். ஆர்ஓ தண்ணீரை மட்டுமே வாரக்கணக்கில் ஊற்றுவதும் நல்லதில்லை, அதில் தாது உப்பு அறவே இருக்காது. தட்டு பூந்தொட்டிக்குக் கீழே வைக்கிற மண்தட்டு மாதிரி அகலமாக, மேலோட்டமாக இருக்கட்டும். தேரை உட்கார்ந்தால் முழங்கை நனைகிற அளவு தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். இது நீச்சல்காரன் இல்லை, ஏற வழியில்லாத பாத்திரத்தில் விட்டால் களைத்து மூழ்கிவிடும். மலம் பெரும்பாலும் தண்ணீரில்தான் போகும். தினமும் மாற்ற வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது சரிப்படாது.

சாப்பாடு

மூன்று நாள் எதுவும் தின்னவில்லை. என் மனைவி சோற்றுப் பருக்கை வைத்தார், அவித்த முட்டை வைத்தார், மகள் பாலில் நனைத்த பிரெட் வைத்தாள். அது எதையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அசையாத பொருள் அதன் கணக்கில் சாப்பாடே இல்லை. நான்காம் நாள் ராத்திரி ஒரு சுவர்க்கோழி தானாகவே வலைக்குள் விழுந்தது. குண்டோதரன் தலையைச் சாய்த்தது, முன்னால் ஒரு அடி வைத்தது, பின்னங்கால் விரல் ஒன்று தாளம் போடுகிற மாதிரி துடித்தது, அவ்வளவுதான், பூச்சியைக் காணோம். நாக்கு முன்பக்கம் ஒட்டியிருப்பதால் சுண்டிவிட்ட மாதிரி வெளியே வந்து போகிறது. பிறகு கண்ணை இறுக்கி மூடி விழுங்கியது. அந்தக் கண் உருண்டைகள் உள்ளே இறங்கித்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. மகள் அன்றைக்குச் சாப்பிடவே எழுந்து வரவில்லை.

தேரை இயற்கையில் அதிகம் தின்பது எறும்பும் கறையானும். மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பினால் விருந்துதான். வீட்டில் வைத்திருக்கும்போது சுவர்க்கோழி, சின்ன வெட்டுக்கிளி, மண்புழு, கறையான் இவையே நடைமுறைக்கு ஒத்துவரும். பெரிய தேரைக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நாலைந்து பூச்சி போதும், குட்டிக்குத் தினமும் வேண்டும். பூச்சியின் நீளம் தேரையின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற அகலத்தைத் தாண்டாமல் இருந்தால் விழுங்கச் சிரமப்படாது.

அடுப்படிக் கரப்பான் கூடாது. உங்கள் வீட்டில் மருந்து வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு வந்திருக்கும். பூச்சி மருந்து அடித்த தோட்டத்து வெட்டுக்கிளியும் அப்படித்தான். மண்புழு உரக் குழியில் இருக்கிற சிவப்புப் புழுவை வாங்கிக் கொடுத்தேன், வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டு இரண்டு கையாலும் நாக்கைத் துடைத்தது. அந்தப் புழு கசப்பாக ஒரு நீரை விடும். வாழைமரத்தடியில் தோண்டி எடுத்த சாதா மண்புழுவை மறுபேச்சில்லாமல் தின்றது. கம்பளிப்பூச்சி போட வேண்டாம்.

பிடித்த பூச்சியை ஒரு நாள் டப்பாவில் வைத்துக் கீரை, கேரட் துருவல் போட்டுத் தின்னவிட்டு அப்புறம் கொடுத்தால் அந்தச் சத்தும் சேர்ந்து போகும். சுண்ணாம்புச் சத்துக்கு வாரம் இரண்டு தடவை பூச்சியின் மேல் கணவாய் ஓட்டுப் பொடி தூவினேன். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளையாக, லேசாக இருக்கும், அம்மியில் தட்டினால் மாவாகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துத் தூவிவிடாதீர்கள், வெந்துபோகும். மாதக்கணக்கில் வைக்க வேண்டிய நிலை வந்தால் டி3 வைட்டமின் கலந்த பொடியை மருத்துவர் சொல்கிற அளவில் கொடுக்க வேண்டியிருக்கும்.

தின்னாத சுவர்க்கோழியை ராத்திரி உள்ளேயே விட்டுவிடக் கூடாது. பசித்தால் அது தேரையின் தோலைக் கடிக்கும். எங்கள் தேரைக்கு ஏற்கெனவே ஒரு கால் புண்.

புண்ணும் நோயும்

நூலை எடுத்ததும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஆடு, மாடு, கோழி வரிசையில் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்தார், ஆனால் நன்றாகப் பார்த்தார். டிரிப்ஸ் ஏற்றுகிற சலைன் பாட்டில் வாங்கி, காலை மாலை அதில் புண்ணை நனைத்துக் கழுவச் சொன்னார். பிறகு மெலிதாக ஒரு ஆன்டிபயாடிக் களிம்பு. வலி தெரியாமல் மரத்துப்போக மருந்து கலந்த களிம்பு மட்டும் கூடவே கூடாது என்றார், பெயர் "கெயின்" என்று முடிகிற மருந்துகள் இந்தத் தோலுக்கு ஆபத்து. டெட்டால், மஞ்சள் பொடி, தேங்காய் எண்ணெய் எல்லாம் எங்கள் அம்மா சொன்ன வைத்தியம். எதையும் போடவில்லை.

பதினைந்தாம் நாள் வாக்கில் ஒரு ராத்திரி தேரை முதுகைக் கூனிக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடி, உடம்பை உப்பி உப்பி நெளிந்தது. வலிப்பு வந்துவிட்டது என்று மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கிட்டே போய்ப் பார்த்தால் தோல் உரிக்கிறது. முதுகு நடுவில் பிளந்த மெல்லிய தோலை, பனியனைக் கழற்றுகிற மாதிரி கையால் இழுத்து, வாய்க்குள் திணித்துத் தின்றுகொண்டிருந்தது. முடிந்ததும் புது வார்னிஷ் அடித்த மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. இது நோயில்லை, அடிக்கடி நடக்கும், பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது இவற்றுக்கு: அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் ரத்தம் கட்டியதுபோல் சிவப்பு, பலூன் மாதிரி நீர் கோத்த வீக்கம், கண்ணில் வெள்ளை படர்தல், பின்புறத்திலிருந்து சதை வெளியே தள்ளி நிற்பது, தண்ணீர் சரியாக இருந்தும் பத்து நாள் தின்னாமல் மெலிவது. இதில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டில் பிறந்த தேரையின் குடலில் கொஞ்சம் புழு இருக்கத்தான் செய்யும். அதற்காக நாமாகப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டியதில்லை.

விடுவது

ஐந்தாவது வாரம் காலை ஊன்றியது. ஏழாவது வாரம் தானாகச் சுவர்க்கோழியைத் துரத்தியது. இன்னும் இரண்டு வாரம் வைத்திருந்தோம், அது தேவையில்லை. மகளுக்காக வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கே எடுத்தோமோ அங்கேயே விட வேண்டும். பக்கத்து ஊர்க் கண்மாய் அழகாக இருக்கிறதே என்று அங்கே கொண்டுபோய் விடக் கூடாது. தேரைக்குத் தன் ஒளிவிடம், தண்ணீர் இருக்கிற திசை எல்லாம் தெரியும், புது இடத்தில் அது ஒன்றுமே தெரியாமல் அலையும். இன்னொன்று, தோலில் வரும் பூஞ்சை நோய் ஒன்று உலகம் முழுக்கத் தவளை இனங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. ஒரு குளத்துத் தேரையை இன்னொரு குளத்தில் விட்டால் நோயையும் கூட அனுப்பியவர்களாகிவிடுவோம். நம் ஊர்த் தேரையே, இதே இனம், மடகாஸ்கரின் துவாமசினா துறைமுகத்துப் பக்கம் எப்படியோ போய் இறங்கிப் பெருகிவிட்டது. 2014-இல் செய்தி வெளியே வந்தது. அங்கே இருக்கிற பாம்புகளுக்கும் மற்ற பிராணிகளுக்கும் இந்த விஷம் பழக்கமில்லை. ஆஸ்திரேலியாவில் 1935-இல் கரும்பு வண்டைத் தின்ன என்று ஹவாயிலிருந்து நூறு தேரை போல கொண்டுவந்து விட்டார்கள். அது வேற்று இனம். வண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தின்று, இன்றைக்கு அங்கே கோடிக்கணக்கில் இருக்கிறது.

கடையில் வாங்கிய வேறு தவளை, மீன், ஆமை இருந்த தொட்டியில் தேரையை வைத்திருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வெளியே விட வேண்டாம். நாங்கள் தனித் தொட்டியில் வைத்திருந்ததால் அந்தக் கவலை இல்லை.

மார்கழி நடுவில் ஒரு தூறல் விழுந்த இரவு, எட்டு மணிக்கு மேல், வால்வு குழிப் பக்கத்தில் மண்தட்டோடு வைத்தோம். பத்து நிமிடம் அசையவில்லை. அப்புறம் இறங்கி நடந்து, செம்பருத்திச் செடிக்கு அடியில் போய்விட்டது.

குழியைத்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. மூடிக்குக் கீழே ஒரு பக்கம் அரைச் செங்கல் கொடுத்து இரண்டு அங்குல சந்து விட்டேன், உள்ளே சாய்வாக ஒரு பலகை போட்டேன், விழுந்தது ஏறி வர. செம்பருத்தி அடியில் அதே பாதிப் பானையைக் கவிழ்த்து, மண்தட்டில் தண்ணீர் வைத்தேன். வாசல் லைட்டை ஒன்பது மணி வரை போட்டுவைப்போம், பூச்சி வரும். தெருவில் மூட்டைச் சாக்கு பிரித்தால் நூலைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போடுகிறோம்.

தை பிறந்து நாலைந்து நாளில் இடது பின்னங்காலில் வளையல் போட்ட மாதிரி தழும்போடு ஒன்று லைட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. அம்மாதான் முதலில் பார்த்தார். "உன் பூதம் வந்துருக்கு, வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு பார்த்து எடு" என்றார்.